பெருங்குடற் புற்றுநோய்: பரம்பரையும் குடல் நுண்ணுயிர்களும்
(கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரிய பாடம்)

மனித உடலில் தோன்றும் புற்றுநோய்களுள், பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றுவது உலக அளவில் மூன்றாம் இடத்தைப் பெறுகிறது. 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 9 இலட்சம் பேர் மாண்டனர். அவ்வாண்டில் இந்தியாவில் புதிதாக நோயுற்றோர் தொகை ஏறத்தாழ 70,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. மக்கள் தொகையோடு ஒப்பிட்டு நோக்குமிடத்து இது மேலை நாடுகளைக் காட்டிலும் மிகக் குறைவே. ஆயினும், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தக் கூடிய இந்நோய், நம்மிடையே பலருக்கு முற்றிய பின்னரே வெளிப்படுகிறது என்பது கவலைக்குரியது.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொல்லங்கோடு, அட்டப்பாடிப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். இவர்களிடையே பணிபுரியும் கள ஊழியர்களை இரு கேள்விகள் அடிக்கடி எதிர்கொள்கின்றன. "எங்கள் தந்தைக்கு வந்த நோய் எங்களுக்கும் வந்தே தீருமா?" என்பது ஒன்று. "இது தொற்று நோயா, உண்ணும் உணவால் வருவதா?" என்பது மற்றொன்று. முதற் கேள்வி பரம்பரையைப் பற்றியது. இரண்டாவது கேள்வி குடலில் வாழும் நுண்ணுயிர்களையும் உணவையும் பற்றியது. இவ்விரண்டிற்கும் விஞ்ஞானம் கூறும் விடையை எளிய முறையில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பெருங்குடலும் அதன் உட்சவ்வும்

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. சிறுகுடலில் செரித்து எஞ்சிய பொருள்களிலிருந்து நீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொண்டு, கழிவை மலமாகத் திரட்டி வெளியேற்றுவது அதன் வேலை. அதன் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்துள்ளது. இச்சவ்வில் எண்ணற்ற நுண்குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில மூல உயிரணுக்கள் உள்ளன. அவை இடைவிடாது பிரிந்து புதிய உயிரணுக்களை ஈன்று மேலே தள்ளுகின்றன. மேலே வந்தவை ஒரு சில நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. இவ்வாறு குடலின் உட்சவ்வு ஒரு வாரத்திற்குள் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது.

உயிரணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதனுள் இருக்கும் பரம்பரைச் செய்தி முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். அச்செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பகுதிகளே ஜீன்கள். பெரிய நூலொன்றைத் திரும்பத் திரும்பப் படியெடுப்பவனுக்கு எழுத்துப் பிழை நேருவது போல, உயிரணுக்களிலும் பிழைகள் நேருகின்றன. இப்பிழைகளைக் கண்டு திருத்துவதற்கென்றே சில ஜீன்கள் உள்ளன. திருத்தப்படாத பிழை ஒன்று, உயிரணுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஜீனில் அமைந்துவிட்டால், அவ்வுயிரணு அளவு கடந்து பெருகத் தொடங்குகிறது.

முதலில் தோன்றுவது சவ்வின்மேல் ஒரு சிறு முளை. இதனை மருத்துவர் 'பாலிப்' என்பர். இம்முளைகளுள் பெரும்பாலானவை தீங்கின்றியே இருந்துவிடும். சிலவற்றில் மேலும் மேலும் பிழைகள் சேர்ந்து, இறுதியில் புற்றுநோயாக மாறுகின்றன. ஒரே பிழையால் அன்றி, ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் பல பிழைகளாலேயே இந்நோய் உருவாகிறது என்னும் கருத்தை அமெரிக்க விஞ்ஞானிகளான எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டைன் ஆகிய இருவரும் 1990 ஆம் ஆண்டில் தெளிவாக வகுத்துரைத்தனர். முளை புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவில் ஆகின்றன. இந்தப் பத்தாண்டு இடைவெளியே நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு. அதற்குள் முளையைக் கண்டு அகற்றிவிட்டால் நோய் தோன்றாமலே தடுத்துவிடலாம்.

2. பரம்பரையின் பங்கு

1895 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் நோயியல் வல்லுநராக இருந்த ஆல்டிரெட் வார்த்தின் என்பாரிடம் தையல் தொழில் செய்து வந்த பெண்மணி ஒருவர், தம் குடும்பத்தினர் பலர் புற்றுநோயால் மாண்டதாகவும், தாமும் அவ்வாறே இளமையில் மாளப் போவதாகவும் கூறினார். அவர் கூறியவாறே நேர்ந்தது. வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தொகுத்து 1913 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்காலத்தில் இதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1966 ஆம் ஆண்டில் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய குடும்பங்களை மீண்டும் ஆராய்ந்து, இஃது ஒரு பரம்பரை நோய் என நிலைநாட்ட முற்பட்டார். அவர் பெயராலேயே இது 'லிஞ்ச் நோய்க்குறித் தொகுதி' என வழங்கப்படுகிறது. இதற்குக் காரணமான ஜீன்கள் 1993 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன. அவை மேலே கூறிய, படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் ஜீன்களே என்பது அப்போது வெளிப்பட்டது.

மருத்துவக் கருவிகளும் சோதனைச் சாலையும் இன்றி, குடும்ப வரலாற்றைக் கவனமாகக் கேட்டு எழுதியதாலேயே இவ்வுண்மை முதலில் புலப்பட்டது. இதனைக் கள ஊழியர்கள் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தந்தை வழியது, மற்றொன்று தாய் வழியது. லிஞ்ச் தொகுதியில் ஒரு படி மட்டும் பழுதுற்றிருந்தாலும் நோய்க்குரிய வாய்ப்பு மிகுகிறது. பழுதுற்ற படியை உடைய தந்தையோ தாயோ அதனைத் தம் குழந்தைக்கு அளிப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இது சமமே. பெருங்குடற் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ மூவர் இத்தொகுதியைச் சேர்ந்தோர். இக்குடும்பங்களின் பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோயும் நேரக்கூடும். ஆகவே குடும்ப வரலாறு கேட்கையில் கருப்பை நோயையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. ஏ.பி.சி. என்னும் ஜீன் பழுதுற்றோரின் பெருங்குடலில் இளமையிலேயே நூற்றுக்கணக்கான முளைகள் தோன்றுகின்றன. ஏறத்தாழப் பதினாயிரம் பேரில் ஒருவருக்கே இது நேரிடும். ஆயினும், உரிய காலத்தில் சிகிச்சை பெறாவிடில் நாற்பது வயதளவில் இவர்களுக்குப் புற்றுநோய் ஏற்படுவது பெரும்பாலும் உறுதி. இந்த ஜீன் 1991 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

மூன்றாவது வகை நம் பகுதி மக்களுக்குச் சிறப்பாக அறிவிக்கத் தக்கது. இதில் ஒரு படி மட்டும் பழுதுற்றிருந்தால் பெருந்தீங்கு இல்லை; இரண்டு படிகளும் பழுதுற்றிருந்தாலே நோய் தோன்றும். 2002 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட மியூட்.ஒய்.எச். என்னும் ஜீனின் கோளாறு இத்தகையது. இரத்த உறவினர் இருவர் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்கக் கூடும். மாமன் மகளையும், அத்தை மகனையும், அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வருவது. அத்தகைய மணங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு இரு படிகளும் பழுதுற்று அமையும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் மிகுதி. எனவே, வரலாறு கேட்கும்போது பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்பதையும் குறித்துக் கொள்ள வேண்டும். இதனைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்டல் ஆகாது.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூற வேண்டும். திட்டமாக அறியப்பட்ட பரம்பரைக் கோளாறுகளால் வருவது இந்நோயின் ஒரு சிறு பகுதியே. பெரும்பாலான நோயாளிகளின் பிழைகள் பிறவியில் வந்தவை அல்ல. வாழ்நாளில் குடலின் உட்சவ்வில் சேர்ந்தவை. தந்தை, தாய், உடன்பிறந்தோர் ஆகியோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் மற்றவர்க்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்பது உண்மை. ஆனால் வாய்ப்பு மிகுதல் வேறு, விதி வேறு. "வந்தே தீரும்" என்று எவருக்கும் கூறக் கூடாது. "முன்கூட்டியே சோதித்துக் கொள்ள வேண்டியவர் நீங்கள்" என்று கூறுவதே முறை.

3. குடலில் வாழும் நுண்ணுயிர்கள்

வாழ்நாளில் பிழைகள் சேர்வதற்குக் காரணம் யாது? புகையிலை, மது, உடற் பருமன், உழைப்பின்மை, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை நெடுங்காலமாக அறியப்பட்டவை. இவற்றோடு குடல் நுண்ணுயிர்களின் பங்கும் அண்மை ஆண்டுகளில் தெளிவுபட்டு வருகிறது.

நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை உடலின் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமம். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. ஜெர்மன் நாட்டுக் குழந்தை மருத்துவரான தியோடர் எஷெரிக் 1885 ஆம் ஆண்டில் குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து விவரித்தார். அதுவே அவர் பெயரால் 'எஷெரிக்கியா கோலி' என வழங்குகிறது.

இந்நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவை நமக்கு நண்பர்கள். நாம் உண்ணும் தானியத் தவிடு, பருப்பு, கீரை, காய் ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் நம் குடலுக்கு இல்லை. பெருங்குடற் பாக்டீரியாக்கள் அதனைப் புளிக்கச் செய்து 'பியூட்டிரேட்' முதலிய எளிய அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சவ்வு உயிரணுக்களுக்கு முதன்மையான உணவு இந்தப் பியூட்டிரேட்டே. அது அழற்சியைத் தணிக்கிறது, சவ்வை உறுதிப்படுத்துகிறது.

ஆனால் தீங்கு செய்வனவும் உண்டு. எஷெரிக்கியா கோலியின் சில இனங்கள் 'கோலிபாக்டின்' என்னும் நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களைக் கொண்ட குழு ஒன்று 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இந்நச்சு உயிரணுவின் டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. 2020 ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு விஞ்ஞானிகள், சோதனைச் சாலையில் வளர்த்த மனிதக் குடல் திசுவை இந்த பாக்டீரியாவோடு ஐந்து திங்கள் வரை வைத்துப் பார்த்தனர். திசுவின் டி.என்.ஏ.வில் ஒரு தனிப்பட்ட பிழை வரிசை பதிந்திருந்தது. திருடனுடைய கைரேகை போன்ற அதே அடையாளம் புற்றுநோயாளிகள் சிலருடைய கழலைகளிலும் காணப்பட்டது.

2025 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் 11 நாடுகளைச் சேர்ந்த 981 நோயாளிகளின் கழலைகள் ஆராயப்பட்டன. நாற்பது வயதிற்குள் நோயுற்றோரிடம் இவ்வடையாளம், எழுபது வயதிற்கு மேல் நோயுற்றோரிடம் காணப்பட்டதைப் போல் 3.3 மடங்கு மிகுதியாக இருந்தது. இளமைப் பருவத்திலேயே இந்தப் பிழைகள் பதிந்திருக்கலாம் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பல நாடுகளில் இளவயதினரிடையே இந்நோய் பெருகி வருவதற்கான காரணங்களைத் தேடுவோர்க்கு இது முக்கியமான ஒரு குறிப்பு. எனினும், இந்த பாக்டீரியாவைக் குடலில் உடையோர் அனைவரும் நோயுறுவதில்லை என்பதையும் உடன் கூற வேண்டும்.

வாயில், பற்களின் ஈற்றருகில் வாழும் 'ஃபியூசோபாக்டீரியம்' என்னும் நுண்ணுயிர் குடற் கழலைகளில் மிகுதியாக இருப்பதை 2012 ஆம் ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே கண்டனர்.

பரம்பரையும் நுண்ணுயிரும் ஒன்று சேரும் இடம் எது? 2018 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஏ.பி.சி. ஜீன் பழுதுற்ற நோயாளிகளின் குடற் சவ்வை ஆராய்ந்தனர். அதன்மேல் திட்டுத் திட்டாகப் படிந்திருந்த பாக்டீரியப் படலத்தில் கோலிபாக்டின் உண்டாக்கும் எஷெரிக்கியா கோலியும், வேறொரு நச்சினை உண்டாக்கும் 'பாக்டிராய்டிஸ் ஃபிராஜிலிஸ்' என்பதும் மிகுதியாக இருந்தன. இவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற சோதனை எலிகளில் கழலைகள் விரைந்து தோன்றின. நிலம் பழுதுற்றிருக்க, களையின் விதையும் விழுந்ததைப் போன்றது இது. பரம்பரை நிலத்தை அமைக்கிறது. நுண்ணுயிரும் உணவும் அதில் எது முளைக்கும் என்பதைப் பெரிதும் வகுக்கின்றன.

இதனால் இந்நோயைத் தொற்று நோய் எனக் கருதலாகாது. நோயாளியைத் தொடுவதாலோ, அவரோடு உண்பதாலோ புற்றுநோய் பரவுவதில்லை. நோயாளிக்குத் தனித் தட்டும் தனி மூலையும் ஒதுக்கும் வழக்கம் எங்கேனும் காணப்பட்டால், ஊழியர் அதனைப் பொறுமையோடு எடுத்துரைத்து மாற்ற வேண்டும்.

4. நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகள்

நம் நாட்டின் பல பகுதிகளில் உணவுக் குழல் புற்றுநோய்கள் ஒரே அளவில் இல்லை என்பதை இரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா ஊழியர்களின் நோய்ப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து 1967 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்வேறுபாடுகளை அவர் உணவுப் பழக்கங்களோடு தொடர்பு படுத்தினார். 1981 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கிய பின், நகரங்களைக் காட்டிலும் கிராமங்களில் இந்நோய் குறைவு என்பதைப் பதிவுகள் காட்டின.

2019 ஆம் ஆண்டில் போப்பாலிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர், போப்பாலிலும் கேரளத்திலுமாக நலமுள்ள 110 பேரின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்தனர். தாவர உணவு மிகுந்த போப்பால் மக்களிடம் 'பிரிவொட்டெல்லா' என்னும் பாக்டீரியா ஓங்கியிருந்தது. மீனும் இறைச்சியும் கலந்து உண்ணும் கேரள மக்களிடம் அமைப்பு வேறாக இருந்தது. ஒரே நாட்டினராயினும் உணவு மாறக் குடல் வாழ் உயிர்களும் மாறுகின்றன என்பது இதனால் விளங்கும்.

அதே ஆண்டில் அந்நிறுவனத்தினர், இந்தியாவின் இரண்டு இடங்களைச் சேர்ந்த 30 பெருங்குடற் புற்றுநோயாளிகளையும் நலமுள்ள 30 பேரையும் ஒப்பிட்டனர். பிற நாடுகளில் கண்ட பாக்டீரியாக்கள் சில இங்கும் காணப்பட்டன. அவற்றோடு, 'ஃபிளேவொனிஃபிராக்டர் பிளாட்டி' என்பது நம் நோயாளிகளிடம் மிகுந்திருந்தது புதிய செய்தி. தேயிலை, கீரை, பழங்கள் முதலியவற்றிலுள்ள 'ஃபிளேவொனாய்டு' என்னும் நலம் தரும் பொருள்களை இது சிதைக்க வல்லது. இவ்வாராய்ச்சி சிறிய அளவினதே. இதனைக் கொண்டு இன்ன பாக்டீரியாவே நோய்க்குக் காரணம் எனக் கூறிவிட இயலாது. ஆனால் பிற நாட்டு முடிவுகளை அப்படியே நம் மக்களுக்குப் பொருத்திவிடலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

5. உணவு

ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மருத்துவரான டெனிஸ் பர்க்கிட், அங்குள்ள கிராம மக்களிடம் பெருங்குடற் புற்றுநோய் மிக அரிதாயிருப்பதைக் கண்டு, அவர்கள் உண்ணும் நார் மிகுந்த உணவே காரணம் என்னும் கருத்தை 1971 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இக்கருத்தை 2015 ஆம் ஆண்டில் ஒரு குழுவினர் நேரடியாகச் சோதித்தனர். தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும், அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்கள் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தம் உணவை மாற்றிக்கொண்டனர். கிராமத்தவர் கொழுப்பு மிகுந்த, நார் குறைந்த உணவை உண்டனர்; அமெரிக்கர் நார் மிகுந்த உணவை உண்டனர். இரண்டே வாரங்களில் அமெரிக்கரின் குடலில் பியூட்டிரேட் உற்பத்தி பெருகிற்று. சவ்வின் அழற்சி தணிந்தது. கிராமத்தவரிடம் இதற்கு நேர் மாறான விளைவு ஏற்பட்டது. நெடுங்காலப் பயனை அளக்க இரண்டு வாரம் போதாதெனினும், குடலின் நிலை உணவுக்கேற்ப எவ்வளவு விரைவில் மாறுகிறது என்பது இதனால் புலனாகிறது.

நம் பகுதிக்கு இது எவ்வாறு பொருந்தும்? அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் கேழ்வரகும் சாமையும் துவரையும் பயிரிட்டு உண்டு வந்தவர்கள். நியாய விலைக் கடை அரிசி பரவிய பின் இத்தானியங்களின் இடம் சுருங்கிற்று. அவற்றை மீட்கும் பொருட்டுக் கேரள அரசு 2017 ஆம் ஆண்டில் அங்குச் சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ப்பொருள் உண்டு. தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 3 கிராமே உண்டு. நாள்தோறும் 10 கிராம் நார் கூடுதலாக உண்போர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது எனப் பல ஆராய்ச்சிகளின் தொகுப்பு 2011 ஆம் ஆண்டில் காட்டிற்று.

ஆகவே ஊழியர் கூற வேண்டுவது, விலை உயர்ந்த மாத்திரைகளையோ புட்டிகளில் விற்கும் பானங்களையோ வாங்க வேண்டும் என்பதன்று. கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, கொள்ளு, துவரை, முருங்கைக் கீரை, வாழைத்தண்டு ஆகிய உள்ளூர்ப் பொருள்களே போதும். சோற்றை ஆறவைக்கும்போது அதன் மாவுப்பொருளில் ஒரு பகுதி எளிதிற் செரிக்காத வகையாக மாறி, நாரைப் போலவே பெருங்குடற் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. பழைய சோற்றின் நன்மைகளுள் இதுவும் ஒன்று. வட்டவடை, காந்தலூர்ப் பகுதிகளில் விளையும் காய்கறிகளைச் சந்தைக்கு அனுப்புவதோடு, வீட்டு அடுப்பிற்கும் ஒரு பங்கு ஒதுக்குமாறு கூறலாம். மருத்துவர் எழுதித் தராத கிருமிக்கொல்லி மாத்திரைகளைக் கடையில் வாங்கி உண்பது நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் அழித்துவிடும் என்பதையும் எடுத்துரைக்க வேண்டும்.

6. கள ஊழியர் செய்ய வேண்டுவன

மையத் திட்டத்தின்படி முப்பது வயதிற்கு மேற்பட்டோர்க்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றிடத்துப் புற்றுநோய்களுக்கே பொதுச் சோதனை நடத்தப்படுகிறது. பெருங்குடல் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே இந்நோயை முதலில் ஐயுற வேண்டியவர் வீடு வீடாகச் செல்லும் ஊழியரே.

(அ) அறிகுறிகள்: மலத்தில் இரத்தம், மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, மலம் கழித்த பின்னும் முற்றும் கழியாத உணர்ச்சி, காரணமின்றி உடல் மெலிதல், நீங்காத வயிற்று வலி, சோகை.

(ஆ) "மூலம்" என்று முடிவு கட்டாமை: மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் எனக் கருதி நாட்டு மருந்தும் களிம்பும் தடவிக் காலம் கடத்துவோர் பலர். இரத்தம் மூலத்தாலும் வரலாம், புற்றாலும் வரலாம், ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். வினாவால் இதனைப் பிரித்தறிய இயலாது. மருத்துவர் சோதித்தே அறிய வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுவதும் மலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இதனைப் பிறரிடம் சொல்லக் கூசுவர். பெண் ஊழியர் தனியே அழைத்துக் கேட்டல் நன்று.

(இ) சோகையின் காரணத்தைத் தேடுதல்: தோட்ட லயங்களிலும் பழங்குடி ஊர்களிலும் சோகை மிகுதி. அதனை உணவுக் குறைவாலும், கொக்கிப் புழுவாலும், அட்டப்பாடியில் அரிவாள் அணு நோயாலும் வருவதெனக் கொண்டு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவிடுவது எளிது. ஆனால் இரும்புக் குறைவுச் சோகை ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இருப்பின், குடலில் இரத்தக் கசிவு உண்டா எனக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுக்கச் செய்யும். ஆகவே கறுத்த மலம் என்று கூறுவோரிடம் மாத்திரை உண்கிறாரா என முதலில் கேட்க வேண்டும்.

(ஈ) குடும்ப வரலாறு: மூன்று தலைமுறை வரை, இரு வழி உறவினர் பற்றியும் கேட்டு எழுத வேண்டும். எவருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்னும் மூன்றும் இன்றியமையாதவை. எல்லைப் பகுதியில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே குடும்பத்தில் தமையன் போடியில் இருப்பார். தங்கை மூணாற்றில் இருப்பாள். தாய்மாமன் பொள்ளாச்சியில் மருத்துவம் பெற்றிருப்பார். நோய்ச் சீட்டுகள் இரு மாநிலங்களில், இரு மொழிகளில் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு நோயாளியையே காண்கிறது. குடும்பம் முழுவதையும் காணக் கூடியவர் ஊழியர் ஒருவரே.

(உ) சொற்களில் கவனம்: மலையாளச் சீட்டுகளில் 'வன்குடல்' என்றிருப்பது நம் பெருங்குடல்; 'மலாசயம்' என்பது மலக்குடல்; 'மூலக்குரு' என்பது மூலம். 'அர்புதம்' என்பது புற்றுநோய். இச்சொல்லைக் காதால் கேட்கும் தமிழர் 'அற்புதம்' எனப் பொருள் கொண்டு, நோயின் தன்மையை அறியாமலே வீடு திரும்பக் கூடும். சீட்டை வாங்கிப் படித்து, நோயாளிக்குத் தமிழில் விளக்குவது ஊழியரின் கடமை.

(ஊ) யாரைச் சோதனைக்கு அனுப்புவது: பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், நாற்பது வயதில், அல்லது நோயுற்றவருக்கு நோய் கண்ட வயதிற்குப் பத்து ஆண்டு முன்னர், இவற்றுள் எது முந்தியதோ அப்போது சோதனை தொடங்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி. எடுத்துக்காட்டாக, தந்தைக்கு 45 வயதில் நோய் கண்டிருந்தால் மக்கள் 35 வயதில் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரே வழியில் மூவர் நோயுற்றிருந்தாலும், ஐம்பது வயதிற்குள் ஒருவர் நோயுற்றிருந்தாலும், ஜீன் சோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யுமாறு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, 1981 ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரத்தில் இயங்கி வரும் மண்டலப் புற்றுநோய் மையத்திற்கோ அனுப்பலாம். மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் சோதனை எளியது; வலியற்றது. குடல் நோக்கிக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் சோதனையில் முளைகளைக் கண்டவுடனே அகற்றவும் இயலும்.

(எ) இரகசியம் காத்தல்: குடும்ப வரலாறு வெளியே பரவினால் அவ்வீட்டுப் பெண்ணின் திருமணம் தடைபடக் கூடும் என்னும் அச்சம் மக்களிடம் உண்டு. அவ்வச்சத்தாலேயே பலர் உண்மையை மறைக்கின்றனர். ஊழியரின் குறிப்பேடு மருத்துவரைத் தவிர வேறெவர் கையிலும் செல்லலாகாது.

7. ஆசிரியர்களுக்குச் சில பயிற்சிகள்

முதற் பயிற்சி: மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை நான்கு முறை சுண்டி, தலை விழுந்தால் 'பழுது' எனவும், பூ விழுந்தால் 'நலம்' எனவும் எழுதட்டும். நான்கு முறையை ஒரு குடும்பத்தின் நான்கு குழந்தைகளாகக் கொள்க. சில குடும்பங்களில் நால்வர்க்கும் பழுது அமையும். சிலவற்றில் ஒருவர்க்கும் அமையாது. வகுப்பு முழுவதன் கணக்கைக் கூட்டினால் பாதியை நெருங்கும். இரண்டில் ஒரு வாய்ப்பு என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

இரண்டாம் பயிற்சி: காய்ச்சி இளஞ்சூடாக ஆறிய பாலை இரு குவளைகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் சிறிது மோரை இடுக. மறுநாள் மோரிட்டது தயிராகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தாம் உண்ணும் பொருளை மாற்றிவிடும் என்பதையும், அவற்றுள் நன்மை செய்வன உண்டு என்பதையும் மாணவர் தாமே காண்பர்.

மாணவர்களின் குடும்ப நோய்களை வகுப்பில் வெளிப்படையாகக் கேட்டல் கூடாது.

மீள்பார்வை வினாக்கள்

1. குடல் முளை புற்றாக மாற எவ்வளவு காலம் ஆகும்? அதனால் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு யாது?
2. லிஞ்ச் தொகுதிக்கும் மியூட்.ஒய்.எச். கோளாறுக்கும் பரம்பரை முறையில் உள்ள வேறுபாடு என்ன? உறவில் மணம் எதனோடு தொடர்புடையது?
3. கோலிபாக்டின் என்பது யாது? அதனால் இந்நோயைத் தொற்று நோய் எனலாமா? காரணம் கூறுக.
4. நார்ப்பொருள் பெருங்குடலுக்கு எவ்வாறு நன்மை செய்கிறது?
5. ஐம்பத்தைந்து வயதுள்ள தோட்டத் தொழிலாளர் ஒருவர் ஆறு திங்களாக இரும்பு மாத்திரை உண்டும் சோகை நீங்கவில்லை. அவருடைய தமையனுக்கு 48 வயதில் பெருங்குடற் புற்றுநோய் கண்டது. ஊழியர் அவரிடம் கேட்க வேண்டுவன யாவை? அவருடைய பிள்ளைகளுக்குக் கூற வேண்டுவது யாது?